பத்மாவுக்குப் பழக்கிய கை

சார்ஜன் சார், முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் ஸ்டேஷனில் போடுகிற தேநீர் வாயில் வைக்கும்படியாக இல்லை. மலை முழுக்கத் தேயிலையை வைத்துக்கொண்டு எந்தக் கடையில் போய் இந்தத் தூளை வாங்குகிறீர்களோ தெரியவில்லை. தூளைப் போட்டுக் கொதிக்கவிட்டால் கசக்கத்தான் செய்யும். கொதித்த தண்ணீரைத் தூளின் மேல் ஊற்றி மூடிவைக்க வேண்டும். போடுகிறவரிடம் சொல்லிவையுங்கள்.

நான் தேநீரைக் குறை சொல்ல வரவில்லை. உள்ளே உட்கார வைத்திருக்கிறீர்களே பத்மா, அவளைப் பற்றிப் பேச வந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து அழுதுகொண்டே இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அவள் அழ ஆரம்பித்தால் லேசில் ஓய மாட்டாள். என் பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கிறவள், எனக்குத் தெரியாதா. அவள் கையில் இருந்த கத்திதான் என் வீட்டுக்காரரைக் குத்தியது. தோட்டமே பார்த்தது, துரையும் பார்த்தார். அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பெண்மேல் ஒரு தப்பும் கிடையாது. நீங்கள் எழுதிக்கொண்டே வாருங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன். பஸ் மத்தியானத்துக்குத்தான்.

என் பெயர் ருக்குமணி. கனகராஜ் மாஸ்டர் சம்சாரம் என்றால்தான் எங்கள் தோட்டத்தில் தெரியும். மாஸ்டர் என்றதும் சிலம்பம், குஸ்தி என்று பெரிதாக நினைத்துவிடாதீர்கள். அவர் ஃபேக்டரியில் இலை உருட்டும் மெஷினுக்கு எண்ணெய் விடுகிறவர். மாஸ்டர் பட்டம் போன வருடம்தான் வந்து ஒட்டிக்கொண்டது.

போன வருடம் ரிங்லெட் போகிற ரோட்டு வளைவில் ஒருவன் பாராங்கை, அந்த நீட்டு வெட்டுக்கத்தியை, தூக்கிக்கொண்டு பெண்களை மறித்தானே, உங்களுக்கு நினைவிருக்கும். இன்னும் பிடிக்கவில்லை. நான் அதைச் சொல்லிக்காட்டவில்லை. எங்கள் லயத்தில் குடியிருக்கிற வேலாயியிடம் பையைப் பிடுங்கிக் கிளறிப் பார்த்துவிட்டு, கருவாட்டை எடுத்துக்கொண்டு வெங்காயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அவள் பாராங்குக்குப் பயந்ததைவிட, "என் வெங்காயத்துக்கு என்னா கொறச்சல்?" என்று மாய்ந்துபோனதுதான் அதிகம்.

அதற்குப் பிறகு பெண்கள் டவுனுக்குப் போகவே பயந்தார்கள். அப்போதுதான் இவர் எழுந்தார். கல்யாணத்துக்கு முன்னால் ஈப்போவில் ஒரு சினிமாக் கொட்டகையில் ஜாகா வேலை, அதாவது காவல் வேலை, பார்த்தவர். கத்தி வைத்திருப்பவனை வெறுங்கையால் மடக்குகிற வித்தையை அங்கே ஒரு கூர்க்கா சொல்லிக்கொடுத்தாராம். சில நாள் கூர்க்கா என்பார், சில நாள் பஞ்சாபி என்பார். யாராயிருந்தால் என்ன, ஞாயிறு காலையில் கோயில் பக்கத்துத் திடலில் வகுப்பு ஆரம்பமாகிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றால், மனிதர் பார்க்க நன்றாகத்தான் இருப்பார்.

அவர் சொல்வதை அப்படியே சொல்கிறேன், எனக்கு மனப்பாடம். "ஓட வழி இருந்தா ஓடிருங்க, அதுல வெக்கமே இல்ல. ஓட முடியாத கிட்டத்துல வந்துட்டானா, பின்னாடி மட்டும் போயிராதீங்க. பின்னாடி போனா அவன் கைக்கு எடம் குடுக்கிறீங்கன்னு அர்த்தம். பக்கவாட்டுல ஒதுங்கி, ஒட்டுன மாதிரி வந்துருங்க. கத்தியப் பாக்காதீங்க, அது மினுக்கி உங்களப் பயங்காட்டும். தோளப் பாருங்க. கை வர்றதுக்கு முன்ன தோளு அசையும். வந்த கைய ரெண்டு கையாலயும் மணிக்கட்டுல புடிச்சி, நெஞ்சோட சேத்து, வெளிப்பக்கமா முறுக்குங்க. அவனுக்கு ஒரு கை, நமக்கு ரெண்டு கை. எவன் ஜெயிப்பான்?"

நல்ல வித்தைதான் சார். நான் குறை சொல்ல மாட்டேன்.

வகுப்புக்கு ஒரு திருடன் வேண்டுமே. முதல் நாள் எல்லாப் பெண்களும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்களே தவிர ஒருத்தியும் முன்னால் வரவில்லை. "ருக்கு, நீ வா" என்றார். அன்றிலிருந்து நான்தான் திருடன். பட்டுப்போன தேயிலைக் கட்டையில் அவரே ஒரு கத்தி செதுக்கி, ஃபேக்டரியில் மெஷினுக்கு அடிக்கிற வெள்ளிப் பெயிண்ட்டைப் பூசியிருந்தார். பிடியில் சிவப்புத் துணி சுற்றி, ஒரு துணி உறையும் தைத்துக் கொடுத்தது நான். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் கத்தி தோற்றுவிடும். நான் உறையிலிருந்து உருவிக்கொண்டு பாய வேண்டும். அவர் ஒதுங்கி என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, புல்லில் தள்ளுவார். பெண்கள் கைதட்டுவார்கள்.

விழுந்தால் வலிக்காதா என்று கேட்பீர்கள். வலிக்கும். ஆனால் ஒன்று சொல்கிறேன், பெண்பிள்ளை சொல்லக் கூடாததுதான், நீங்கள் எழுதாமல் விட்டாலும் சரி. இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் என் கையை நாலு பேர் பார்க்கப் பிடித்தது அந்தத் திடலில்தான். வீட்டில் என்ன பேச்சு இருக்கும்? சோறு போடு, விளக்கை அணை, அவ்வளவுதான். திடலில் என் தோள் எப்போது அசையும் என்று கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஞாயிற்றுக்கிழமை எப்போது வருமென்று இருக்கும். திங்கட்கிழமை மணிக்கட்டு வீங்கியிருக்கும், கொழுந்து எடுக்கும்போது கூடவே அதுவும் வலித்துக்கொண்டிருக்கும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு ஒரு நாள் எல்லோர் முன்னாலும் சொன்னார். "ருக்கு, நீ விழுறது அரிசி மூட்ட விழுற மாதிரி இருக்கு. பாக்கிறவங்களுக்கு வித்த தெரியல, மூட்டதான் தெரியுது. பத்மா, நீ வந்து விழு பாப்போம்." பத்மா வந்து விழுந்தாள். சின்ன வயசு, ஒல்லி உடம்பு. பூ விழுந்த மாதிரி விழுந்து, அதே வேகத்தில் எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுச் சிரித்தாள். கைதட்டல் நின்றபாடில்லை. எனக்கு முட்டிவலி இருப்பதால் நிழலில் உட்கார்ந்து பார்க்கும்படி சொல்லிவிட்டார். என்மேல் உள்ள அக்கறையில் சொன்னார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் புருவத்தைத் தூக்குகிறீர்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை சார். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தப்பும் கிடையாது, நான் கற்பூரம் அடித்துச் சொல்வேன். அப்படி ஏதாவது இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது. அழுது ஆர்ப்பாட்டம் பண்ணி, கங்காணியைக் கூட்டி, பஞ்சாயத்து வைத்துத் தீர்த்திருப்பேன். திருடன் வேலையை எடுத்து வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார் என்று எந்தப் பஞ்சாயத்தில் போய்ச் சொல்வது?

நிழலில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்த பிறகுதான் அந்த வித்தையில் இருக்கிற ஓட்டை என் கண்ணில் பட்டது. பொறாமையில் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், பெண்களின் நல்லதுக்காகத்தான் யோசித்தேன். இவர் கற்றுக்கொண்டது ஈப்போவில், பழகியது மெஷினோடு. அங்கேயெல்லாம் ஒரு கைதான் வேலை செய்யும், மற்றது சும்மா தொங்கும். எங்கள் நிரையில் வந்து பாருங்கள். வலக்கை கிள்ளினால் இடக்கையும் அடுத்த செடியில் கிள்ளிக்கொண்டிருக்கும். எது நிறைந்தாலும் தோளுக்கு மேலே கூடையில் எறியும். ஒற்றைக் கையால் எடுக்கிறவளைக் கங்காணி மலையேறவே விட மாட்டார். சாப்பிடும்போது மட்டும்தான் எங்களுக்கு வலது இடது பார்க்கிற பழக்கம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். வந்த கையை இவர் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்கிறார். சரி. அந்த நேரத்தில் இவருக்கு மிச்சம் எத்தனை கை? ஒன்றும் இல்லை. திருடனுக்கு ஒன்று இருக்கிறது.

இதை அவரிடமே சொன்னேன். மறைத்து வைக்கவில்லை. அடுத்த வகுப்பில் எழுந்து நின்று, "ஏங்க, திருடன் கத்திய எடக் கைக்கு மாத்திட்டான்னா என்னா செய்றது?" என்று மரியாதையாகத்தான் கேட்டேன்.

அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "திருடன் என்னா ஒங்கள மாதிரி கொழுந்தா எடுக்கிறான்? நீ போய் ஒக்காரு ருக்கு, வெயிலு ஒத்துக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். பத்மாவும் சிரித்தாள். அவள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள் என்று எனக்கு ஞாபகம். நானும் சிரித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு வேடிக்கை பிடிக்காமல் இல்லை.

அப்போது திருவிழா வந்தது. கொடி இறக்கிய மறுநாள் எங்கள் தோட்டத்தில் விளையாட்டுப் போட்டி நடக்கும். சாக்கு ஓட்டம், கரண்டியில் எலுமிச்சம்பழம், கயிறு இழுத்தல் எல்லாம் உண்டு. துரை வந்து நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். இந்த வருடம் கடைசியில் மாஸ்டரின் தற்காப்பு வித்தை என்று கங்காணி அறிவித்துவிட்டார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. புது பனியன் வாங்கினார். பத்மாவுக்கு எந்த நிறச் சேலை எடுப்பாக இருக்கும் என்று என்னையே கேட்டார். பச்சை என்று சொன்னேன். பச்சை அவளுக்கு நன்றாகத்தான் இருக்கும், நான் பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் நிரையில் பத்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். "பத்மா, தொரை வராரு. எப்பவும் போல குத்துனா என்னா புதுசு? மாஸ்டருக்கே தெரியாம ஒன்னு செய்வோமா?"

"மாஸ்டரு ஏசுவாரே அக்கா."

"அவருக்குத் தெரியாத திருட்டு எங்க இருக்கு? நீ கைய மாத்துனா அவரு அதையும் மடக்கிருவாரு. தொரை அசந்து போயிருவாரு. மாஸ்டருக்குத்தான பேரு."

நம்பிவிட்டாள். எதையும் நம்புகிற பெண். அதனால்தான் சொல்கிறேன், அவளை விட்டுவிடுங்கள்.

கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி ஒன்றை ஒடித்துக் கையில் கொடுத்து ஆரம்பித்தேன். வலத் தோளை நன்றாகத் தூக்கு, அவர் அதைத்தான் பார்ப்பார். அவர் பிடிக்கிறபோது முரண்டு பண்ணாதே, பிடிக்கட்டும், இறுக்கட்டும். வலக்கையை மட்டும் விரித்துவிடு. குச்சி கீழே விழும். இடக்கை அங்கே காத்திருக்க வேண்டும், கொழுந்தை வாங்குகிற மாதிரி. வாங்கினதும் நேராக உள்ளே. அவர் உன்னை ஒட்டித்தான் நிற்பார், எட்டிப் போக வேண்டியதே இல்லை. இதையெல்லாம் நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தேன். மாஸ்டர் வேஷத்தில் நான் நின்றேன். அவள் மணிக்கட்டை நான் பிடித்தேன். அவ்வளவு மெல்லிய கை சார், இரண்டு விரலுக்குள் அடங்கிவிடும். இதைத்தான் வாராவாரம் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

கருப்பையா கங்காணி ஒரு தரம் வந்து பார்த்துவிட்டு, "என்னாம்மா இது, ரெண்டு பேரு கூடையும் காத்து வாங்குது? சண்டையா?" என்றார். "இல்லீங்க, பூச்சி தட்டிவிடுறேன்" என்றேன். அவர் போய்விட்டார்.

பத்மா மண்டு இல்லை, ஆனால் சுலபத்தில் வரவும் இல்லை. குச்சியைத் தவறவிடுவாள், சிரிப்பாள், மறுபடி எடுப்பாள். நான் ஒரு தரமும் அதட்டவில்லை. சொல்லிக்கொடுக்கிறவளுக்குப் பொறுமை வேண்டும். அது அவருக்குக் கிடையாது, எனக்கு உண்டு. என்னை வைத்து வகுப்பு நடத்தியிருந்தால் அந்தப் பெண்கள் எங்கேயோ போயிருப்பார்கள்.

இனி கத்தி. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மரக்கத்தியை வைத்துக்கொண்டு இந்த ஓட்டையை அவருக்குப் புரியவைக்க முடியாது. இடுப்பில் ஒரு கட்டை வந்து இடித்தால், "பாத்தீங்களா, ஒன்னும் ஆகல" என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார். அவர் குணம் எனக்குத் தெரியும். மெஷினில் விரல் மாட்டின பிறகுதான் மெஷினுக்கு மூடி போட்டார். அதனால் என் வீட்டுக் கத்தியை எடுத்தேன். பெரிய கத்தி இல்லை, மீன் அறுக்கிறது. பிடிக்குச் சிவப்புத் துணி சுற்றினேன். சாணைக்கல்லில் கொஞ்சம் இழுத்தேன். எப்போதும் திருவிழாவுக்கு முன்னால் வீட்டுக் கத்தியெல்லாம் தீட்டி வைப்பதுதான், அதில் விசேஷம் ஒன்றுமில்லை. அதே உறையில் போட்டேன். மரக்கத்தி அடுப்புக்குப் போயிற்று. பெயிண்ட் வாசனை குழம்பில் ஏறிவிட்டது. அவர் மூக்கைச் சுளித்துக்கொண்டே சாப்பிட்டார், பாவம்.

திடலில் உறையை என் கையாலேயே பத்மாவின் இடுப்பில் செருகிவிட்டேன். "கனமா இருக்கே அக்கா" என்றாள். "மாஸ்டரு தொரைக்காகத் தகரத்துல புதுசா செஞ்சிருக்காரு. மொன மழுங்கல்தான். அவரு முன்னாடி உருவிப் பாக்காத, நேரம் வர்றப்ப எடு" என்றேன். தலையாட்டினாள். பச்சைச் சேலை, தலையில் கனகாம்பரம். நெற்றியில் வியர்த்திருந்தது, என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

நீங்கள் பேனாவைக் கீழே வைக்க வேண்டாம் சார், இனி கொஞ்சம்தான். உங்கள் பிஸ்தல் வலப்பக்கம் தொங்குகிறது, அப்படியானால் நீங்கள் வலக்கைக்காரர். பயப்படாதீர்கள், சும்மா பார்த்தேன். பழக்கமாகிவிட்டது.

எல்லாம் சொல்லிக்கொடுத்தபடியே நடந்தது. அவர் கத்தியைப் பார்க்கவில்லை, தோளைத்தான் பார்த்தார். தன் பாடத்தை ஒரு எழுத்து விடாமல் கடைப்பிடிக்கிறவர். பக்கவாட்டில் ஒதுங்கினார், ஒட்டி வந்தார், இரண்டு கையாலும் மணிக்கட்டைப் பிடித்து நெஞ்சோடு இறுக்கினார். துரை பக்கம் திரும்பி ஒரு சிரிப்புக்கூடச் சிரித்தார். பத்மா வலக்கையை விரித்தாள். இடக்கை வாங்கியது. அவ்வளவு கச்சிதமாக வாங்கியது, எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

யாருக்கும் உடனே புரியவில்லை. துரை கைதட்டினார். துரை தட்டியதும் எல்லோரும் தட்டினார்கள். இவர் தன் பனியனில் சிவப்பு ஊறுவதை, குழாயில் தண்ணீர் ஒழுகுவதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். பத்மாதான் முதலில் கத்தினாள். அசல் கத்தி என்று தெரிந்ததும் கையை உதறிவிட்டு அவரையே போய்க் கட்டிக்கொண்டு அழுதாள். கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. கடைசியாக நிறுத்தியது நான் என்று வேலாயி உங்களிடம் சொல்லியிருப்பாள். இருக்கலாம். நான் பத்மாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத்து லோரியில் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க அவர் தலை என் மடியில் இருந்தது. தோள்பட்டைச் சதையில் இறங்கியிருக்கிறது, தையல் போட்டாயிற்று, உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். சத்தியமாக வேண்டிக்கொண்டேன் சார். அவர் இல்லாமல் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அத்தோடு முடிந்திருக்கும். நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். கத்தி எப்படி வந்தது என்று அவளுக்கும் சொல்லத் தெரியாது. அக்காதான் கொடுத்தாள் என்று சொன்னாலும், புருஷன் ரத்தத்தை மடியில் ஏந்திக்கொண்டு போனவளை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

நேற்றுக் காலையில் கண்ணைத் திறந்தார். நான் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். ஊட்டிவிட வாயருகே கரண்டியைக் கொண்டுபோனால், வாயைத் திறக்காமல் மேலே பார்த்துக்கொண்டு சிரிக்கிறார். "ருக்கு, பாத்தியா அந்தப் புள்ளைய? கைய மாத்துனா பாரு. என் வாழ்க்கையிலயே அப்படி ஒரு கை மாத்தல் நான் பாத்ததில்ல. கூர்க்காகூட செய்ய மாட்டான்லா. அது அவளுக்குப் பொறந்த கை."

நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டே கேட்டேன், யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்களோ என்று.

"யாரு சொல்லிக்குடுக்க? இதெல்லாம் சொல்லிக்குடுத்து வராது. அவ வெளிய வரட்டும், நான் சார்ஜன்கிட்ட பேசறேன். கத்தி மாறிப்போச்சி, அவ என்னா செய்வா? இனிமே நானும் அவளும் சேந்து வகுப்பு எடுக்கப் போறோம். அவளையும் மாஸ்டருன்னு கூப்பிடச் சொல்லப்போறேன்."

ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. ஒரு பாவமும் அறியாத பெண் இங்கே அழுதுகொண்டிருக்க, நான் எப்படித் தூங்குவேன்? மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா. அதனால்தான் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன். வேறு ஒரு காரணமும் கிடையாது.

கொல்ல நினைத்தாயா என்று கேட்கிறீர்கள். அந்த வார்த்தையை நான் நினைக்கவே இல்லை சார், அம்மன்மேல் சத்தியம். வித்தையைச் சரியாகச் சொல்லிக்கொடுத்தேன், அவ்வளவுதான்.

பத்மாவை விட்டுவிடுங்கள். என் பெயரை எழுதி, ரேகை எங்கே வைக்க வேண்டுமென்று காட்டுங்கள், இரண்டு கையில் எது வேண்டுமானாலும் வைக்கிறேன். அவரிடம் வாக்குமூலம் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள்தானே. அந்தக் கை மாற்றல் முழுக்க ருக்குமணி பழக்கியது என்று நீங்களே அவரிடம் சொல்லுங்கள், நான் சொன்னால் நம்ப மாட்டார். தோளில் போனது பத்மாவின் பிழை, அவசரத்தில் கையைத் தூக்கிவிட்டாள். நான் காட்டிக்கொடுத்த இடம் அதற்கு இரண்டு சாண் கீழே, விலா எலும்பு முடிகிற இடம். இதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள் சார், கேட்டால் சந்தோஷப்படுவார்.